பிராகோவின் வலது உள்ளங்கை

பிளாஸ்டரைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறாள் பிராகோ. காயத்துக்கு ஒட்டுகிற சாதாரண பிளாஸ்டர்தான். மருந்துக்கடையில் உருளையாக வாங்கிக் கைப்பையில் போட்டிருப்பாள். இங்கே யாருக்கும் காயம் இல்லை. எதிரே மாணவர் ஒருவர் கேமராவை நீட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். கேமராவின் தலையில் உள்ள திருகு வட்டத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் உண்டு. அதில் வைத்துவிட்டால் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்துகொள்ளும். உலகத்தில் உள்ள சகல தீமைகளும் அந்தப் பச்சைச் சதுரத்திலிருந்து புறப்படுகின்றன என்பது பிராகோவின் கட்சி. வட்டத்தைத் திருகி, எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டிய 'எம்' என்ற எழுத்துக்குக் கொண்டுவந்து, அது மறுபடி நகராதபடி குறுக்கே பிளாஸ்டரை ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்து அழுத்தித் திருப்பிக் கொடுப்பாள்.

"பிச்சு எடுத்தீங்கன்னா அடுத்த வாரம் வராதீங்க."

எல்லோரும் பிய்த்து எடுத்துவிடுவார்கள். அடுத்த வாரமும் வருவார்கள்.

குமாசி நகரில் பன்டாமா பேட்டைப் பக்கம் கம்ஃபர்ட் பிராகோவைத் தெரியாத துக்க வீடு கிடையாது. வயது நாற்பத்து நாலு. கட்டையான உருவம், கனத்த நடை. கழுத்தில் பழைய கேமரா ஒன்று தொங்கும். அதன் மின்கல மூடியையும் பிளாஸ்டர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. செருப்பு வாரில் பிளாஸ்டர், கண்ணாடிக் காம்பில் பிளாஸ்டர். "புதுசு வாங்கக் கூடாதா?" என்று கேட்டால், "இது ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு?" என்பாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் துக்கப் பந்தல்களில் படம் எடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை, புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். முதல் வேலையில் கால் வலிக்கிறது, இரண்டாவதில் தலை வலிக்கிறது.

பாடம் நடப்பது சிநேகிதி டூஃபியேயின் முடி அலங்காரக் கடையில். செவ்வாயன்று கடைக்கு விடுமுறை. மாணவர்கள் முடி உலர்த்தும் தொப்பி இயந்திரங்களுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து கேள்வி கேட்பவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். டூஃபியேயும் ஓரமாக உட்கார்ந்து கேட்பாள். அவளிடம் கேமரா கிடையாது. மற்றவர்கள் திட்டு வாங்குவதைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும்.

"ட்ரோட்ரோ வேன்ல ஏறியிருக்கீங்க இல்ல?" என்றுதான் பிராகோ முதல் நாள் ஆரம்பிப்பாள். "வேன் நிறையணும். அதுக்குக் கதவு எவ்வளவு அகலமா இருக்குங்கறது ஒண்ணு. அதை எவ்வளவு நேரம் திறந்து வச்சிருக்கான்கறது ரெண்டாவது. அகலக் கதவுன்னா ஆளுங்க திமுதிமுன்னு ஏறிடுவாங்க, சட்டுனு சாத்திடலாம். ஒண்டிக் கதவுன்னா நின்னு நிதானமா ஏத்தணும். கதவுங்கறது லென்ஸுக்குள்ள இருக்கிற ஓட்டை. நேரம்ங்கறது ஷட்டர். ஏறுற ஆளுதான் வெளிச்சம். புரிஞ்சுதா?"

"மூணாவதா ஒண்ணு இருக்கே டீச்சர், ஐஎஸ்ஓ?"

"அது கண்டக்டர் போடற கூச்சல். உள்ள நாலு பேருதான் இருப்பாங்க. 'ஃபுல்லு, ஃபுல்லு, கிளம்பிட்டோம்'னு கத்துவான். சத்தம் கூடும், ஆளு கூடாது. அதைத் தூக்கி வச்சா படம் வெளிச்சமாத்தான் தெரியும். ஆனா புள்ளி புள்ளியா மணல் தூவின மாதிரி வருமே, அதுதான் அவன் கூச்சல்."

இதுவரைக்கும் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஓட்டையின் எண்ணுக்கு வந்ததும் வண்டி குடைசாய்ந்துவிடும். ரெண்டு என்றால் பெரிய ஓட்டை, பதினாறு என்றால் சின்ன ஓட்டை. "அதெப்படி? பதினாறுதானே பெரிசு?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு குரல் எழும்பும். பிராகோ கண்ணை மூடி மூச்சு விடுவாள்.

"ஒரு யாம் கிழங்கை ரெண்டு பேருக்கு வெட்டறீங்க. இன்னொண்ணைப் பதினாறு பேருக்கு வெட்டறீங்க. யாருக்குத் துண்டு பெரிசு?"

"ரெண்டு பேருக்கு."

"அப்ப ஏன் என் உயிரை வாங்கறீங்க?"

அடுத்த செவ்வாய் அதே குரல் அதே கேள்வியைக் கேட்கும். பிராகோ மறுபடி கிழங்கை வெட்டுவாள்.

ஆனால் அவளுடைய உண்மையான சண்டை இந்த மூன்றோடும் இல்லை. கேமராவின் ஆசையோடுதான் சண்டை. "அதுக்கு ஒரே ஒரு ஆசை. பார்க்கறதையெல்லாம் சாம்பலாக்கணும். கறுப்பைக் கண்டா 'ஐயோ இருட்டு'ன்னு வெளிச்சத்தை ஊத்தும். வெள்ளையைக் கண்டா 'ஐயோ கண்ணு கூசுது'ன்னு திரையைப் போடும். அடுப்புச் சாம்பல் கலர் வந்தாத்தான் அதுக்கு நிம்மதி."

இந்த ஊருக்கும் அந்த ஆசைக்கும் ஏழாம் பொருத்தம். சனிக்கிழமை அடக்கம், பந்தல் முழுக்கக் கறுப்பும் சிவப்பும். ஞாயிற்றுக்கிழமை நன்றி வழிபாடு. அதே ஆட்கள் தலை முதல் கால் வரை வெள்ளை. கறுப்புத் துணியைக் கண்டு கேமரா வெளிச்சத்தை ஊற்றும்போது முகங்களும் கூடவே பளிச்சென்று விழும். பார்த்தவர்கள் "ஏய், என்ன நல்ல கேமரா!" என்பார்கள். மறுநாள் வெள்ளையைக் கண்டு அது திரையைப் போடும். துணியில் ஒவ்வொரு பூவும் தெரியும். கழுத்துக்கு மேல் கரிக்கட்டையில் இரண்டு கண் இருக்கும்.

"ஆளு அதே ஆளு. மூஞ்சி அதே மூஞ்சி. பந்தல் அதே பந்தல், விழற வெளிச்சமும் அதேதான். துணி ஒண்ணுதான் மாறுச்சு. துணி மாறினா மூஞ்சி ஏன் மாறணும்? மூஞ்சியைப் பாருங்க, துணியைப் பார்க்காதீங்க!" இதைச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சில பேர் கெட்டிக்காரர்கள். "அப்ப கேமராவை மூஞ்சிக்கு நேரா வச்சு, மூஞ்சியையே அளந்துட்டா?" என்பார்கள். பிராகோ சுவரைக் காட்டுவாள். கடை வாசலில் தெரியும் சுவர் முழுதும் துக்கப் போஸ்டர்கள். ஒவ்வொன்றும் கதவு உயரம். அத்தனையிலும் முகங்கள் ஒரே நிறம். "மூஞ்சியையே அளந்தா அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். வெளுக்கும். கரியா வந்ததைப் போஸ்டர்க்காரன் கம்ப்யூட்டர்ல வெளுப்பான். எப்படிப் போனாலும் கடைசியில பப்பாளி. நம்ம ஊர்ல செத்தவங்க எல்லாம் பப்பாளி மாதிரியா இருந்தாங்க?"

பப்பாளி என்று சொல்லிவிட்டு அவள் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்பாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த காலத்தில், அவள் அம்மா செத்துப்போனாள். போஸ்டர் ஒட்டிய மறுநாள் முச்சந்தியைக் கடந்து போன பிராகோ, யாரோ ஓர் அம்மாள் போய்விட்டார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டே பத்தடி நடந்துவிட்டாள். அப்புறம்தான் கீழே எழுதியிருந்த பெயர் மண்டையில் உறைத்தது. இதை டூஃபியேயிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டாம் தடவை சொன்னதில்லை.

மூஞ்சியையும் அளக்கக் கூடாது, துணியையும் அளக்கக் கூடாது என்றால் எதைத்தான் அளப்பது? உள்ளங்கையை. முகத்தில் எந்த வெளிச்சம் விழுகிறதோ, அதே வெளிச்சத்தில், முகத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைப் பிடிக்க வேண்டும். கேமராவுக்குள் கை மட்டும் தெரியும்படி கிட்டே வைத்து, உள்ளே இருக்கும் ஊசி நடுவுக்கு வரும்வரை திருக வேண்டும். உள்ளங்கை சாம்பலைவிட வெளுப்பு என்பதால், அதற்கு மேல் மூன்று சொடுக்கு கூட்ட வேண்டும். அப்புறம் வெளிச்சம் மாறும்வரை எதையும் தொடக் கூடாது. கறுப்பு வந்தாலும் சரி, வெள்ளை வந்தாலும் சரி, முகம் அவரவர் முகமாக வரும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் கேமராவைச் செய்தவர்கள் பிடியையும் பொத்தானையும் வலது பக்கத்தில் வைத்துத் தொலைத்துவிட்டார்கள். வலது கை கேமராவில் மாட்டிக்கொண்டால் மிச்சம் இருப்பது இடது கை. இந்த ஊரில் பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே இடது கையை நீட்டுவதற்குப் பதில், அவர் காலைப் பலமாக மிதித்துவிடலாம், மன்னிப்புக் கிடைக்கும். அதனால் பிராகோ கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பாள். பிடி இடது கைக்குப் போய்விடும். இடது கட்டைவிரலால் கீழேயிருந்து திருகிக்கொண்டு, வலது உள்ளங்கையை மரியாதையாக நீட்டுவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் அவளுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று நினைப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. துக்கப் பந்தலில் வலது கையை நீட்டினால் கை கொடுக்கத்தான் நீட்டுகிறார்கள் என்று அர்த்தம். நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கிவிடுவார்கள். ஒரு பந்தலில் ஒரு முகத்தை அளப்பதற்குள் அவள் நாற்பது பேருக்குக் கை கொடுத்திருப்பாள்.

இந்தச் செவ்வாய்க் கூட்டத்தில் பிராகோவின் ரத்தக் கொதிப்புக்கு முழுப் பொறுப்பு ஏற்க வேண்டியவர் சார்போங். அறுபத்தாறு வயது. ஓய்வு பெற்ற நில அளவையாளர். கைக்குட்டைக்கும் இஸ்திரி போடுகிறவர். ஹாம்பர்க்கில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய கேமரா பிராகோவுடையதைப் போல இரண்டு மடங்கு. அதைவிடக் கனமானது அவருடைய நம்பிக்கை.

"கருவி பொய் சொல்லாது, டீச்சர்" என்பார். "முப்பத்தெட்டு வருஷம் கருவியை நம்பித்தான் எல்லைக்கல் நட்டேன். ஒரு கல்லு தப்பினது கிடையாது."

"எல்லைக்கல் சனிக்கிழமை கறுப்பும் ஞாயித்துக்கிழமை வெள்ளையும் உடுத்துதா, ஐயா?"

"எனக்கு ஒரு எண்ணைச் சொல்லுங்க. எழுதி வச்சுக்கறேன். எந்த எண்ணு சரி?"

"எண்ணு இல்ல ஐயா. கையை நீட்டி அளங்க."

"கை கருவி இல்லையே, டீச்சர்."

டூஃபியே சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போய்விடுவாள். பிராகோ பிளாஸ்டரைக் கிழிப்பாள். சார்போங் மரியாதையாக வாங்கிக்கொள்வார். மூன்று வாரமும் ஒட்டினாள். பழைய குருடி கதவைத் திறடி என்று மூன்று வாரமும் பச்சைக்கே திரும்பி வந்தார்.

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு சார்போங்கின் அக்கா அஜேய்வா தவறிப்போனாள். குடும்பத்தில் கேமரா வைத்திருப்பவர் அவர்தான் என்பதால், துக்கப் படங்கள் இரண்டு நாளும் அவர் பொறுப்பு. சனிக்கிழமை இரவு பிராகோவின் செல்பேசிக்குப் படங்கள் வந்து குவிந்தன. கறுப்புத் துணிகள் சாயம்போன சாக்கு மாதிரி இருந்தன. முகங்கள் பளபளவென்று இருந்தன. கூடவே அவர் குரல்: "டீச்சர், எல்லாரும் பாராட்டறாங்க. பிளாஸ்டரை எடுத்துட்டேன். கருவிக்குத் தெரியுது." பிராகோ தலையில் அடித்துக்கொண்டாள். நாளைக்கு வெள்ளை.

"துக்கம் கேக்கப் போவியா?" என்றாள் டூஃபியே.

"போகாம இருக்க முடியுமா? நம்ம வகுப்பு ஆளு."

"போனா வாயை மூடிக்கிட்டு வருவியாக்கா?"

"கேமரா எடுக்கல. பிளாஸ்டர் எடுக்கல. உக்காருவேன், எழுந்து வருவேன். போதுமா?"

ஞாயிறு பகல் ஒரு மணிக்குப் பந்தல் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிராகோ முறைப்படி வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தாள். முன் வரிசை நடுவில் கொனாடு உட்கார்ந்திருந்தாள். சார்போங்கின் மூத்த அக்கா, எண்பத்து நாலு வயது, அவரைத் தூக்கி வளர்த்தவள். வெள்ளை லேஸ் உடுப்பும் வெள்ளைத் தலைக்கட்டும் கஞ்சி போட்டதுபோல விறைத்து நின்றன. கொடுத்த கையை அவள் திருப்பித் தரவில்லை.

"நீதான் என் தம்பிக்குப் படம் எடுக்கச் சொல்லித் தர்றவளா?"

"ஆமாம்மா." அந்தப் பொறுப்பை ஏற்க பிராகோவுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"நல்லாச் சொல்லிக் கொடுத்தியா? இன்னிக்கு என் போஸ்டருக்குப் படம் எடுக்கறான்."

"அம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"எதுக்கா? என் தங்கச்சி போஸ்டரைப் பார்த்தியா வாசல்ல? எவளோ சீமைக்காரி மாதிரி இருக்கா. பெரிய தங்கச்சி போனப்பவும் இதே கதை. எனக்கும் அப்படிப் பண்ணினா எழுந்து வந்து கிழிப்பேன், ஆமா." மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதைப் பார்த்துத்தான் என் புருஷன் கேட்டு வந்தாரு. இன்னிவரைக்கும் ஒரு படத்துல இது வந்ததில்ல. ரெண்டு மணிக்கு எனக்குச் சுன்யானிக்குக் கார். மக வீட்டுக்குப் போறேன். இனிமே இந்த ஊருக்கு உக்காந்துக்கிட்டு வருவேனோ, படுத்துக்கிட்டு வருவேனோ."

பிராகோ இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சார்போங் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கேமராவின் தலையில் பச்சைச் சதுரம் தூரத்திலேயே தெரிந்தது. அக்காவுக்கு முன்னால் நின்று, கம்பீரமாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்தார். கொனாடு கையை நீட்டினாள். "காட்டு."

அவர் கேமராவின் முதுகில் இருந்த திரையைக் கையால் மறைத்து நிழல் கட்டிக் காட்டினார். கொனாடு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அடுத்த படத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

"துணி வந்திருக்கு" என்றாள். "நான் வரலையே, தம்பி."

"வெளிச்சம் கொஞ்சம்..."

"பூ ஒண்ணொண்ணும் தெரியுது. தச்சவ பார்த்தா சந்தோஷப்படுவா. நான் எங்கடா?"

பிராகோவின் அம்மாவுக்கும் இப்படித்தான் பதினொரு படம் இருந்தது. பதினொன்றும் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள், வெள்ளைத் துணிக்கு மேலே கரிக்கட்டை. போஸ்டர்க்காரனை அவள் திட்டாத திட்டு இல்லை. ஆனால் பதினொன்றில் ஏழு, கடன் வாங்கிய கேமராவில் அவளே எடுத்தவை. பச்சைச் சதுரத்தில் வைத்து எடுத்தவை. இதை டூஃபியேயிடம்கூட அவள் சொன்னதில்லை.

சார்போங் வியர்த்துப்போய் நின்றார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். திருகு வட்டத்தை 'எம்'முக்குத் திருப்பினார். வகுப்பில் காதில் விழுந்ததெல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வலது கையால் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். இடது உள்ளங்கையை.

குடும்பத் தலைவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "சார்போங்! உன்னை வளர்த்தவ மூஞ்சிக்கு நேரா இடக்கையா? சபை நடுவுலயா?"

"இல்லண்ணே... அளக்கறதுக்கு..."

"என்னத்தை அளக்கறே? நிலத்தையா?"

கொனாடு முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள். சார்போங் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, குனிந்து, வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தலைவர் ஒரு பாட்டில் சாராயம் அபராதம் போட்டார். சார்போங் தலையாட்டினார். இதெல்லாம் முடிவதற்குள் மணி ஒன்றே முக்கால். பந்தல் வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

'கவிழ்த்துப் பிடிங்க ஐயா, கவிழ்த்து' என்று பிராகோ பல்லுக்குள் சொல்லிக்கொண்டாள். அது அவருக்கும் எட்டியது போலிருக்கிறது. கேமராவைக் கவிழ்த்தார். வார் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. தலையைச் சாய்த்து, முக்கால்வாசி மூச்சுத் திணறி, வலது உள்ளங்கையை நீட்டினார்.

கொனாடு அதைப் பிடித்துக் குலுக்கினாள். "சரி, மன்னிச்சேன்."

"அக்கா, கையைப் பிடிக்காதே. சும்மா வைக்கணும்." மறுபடி நீட்டினார்.

"அதான் மன்னிச்சேன்னேனே!" மறுபடி குலுக்கினாள். பக்கத்து நாற்காலிக்காரரும் எழுந்து வந்து, சமாதானம் ஆகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அந்தக் கையைக் குலுக்கினார். ஹாரன் இன்னொரு தடவை அடித்தது.

"ஐயோ!" என்று எழுந்தாள் பிராகோ. தொடைக்கு அடியில் இருந்த கை மரத்துப்போயிருந்தது. நாற்காலிகளை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். "மூணு வாரம்! மூணு வாரமாத் தொண்டை கிழியக் கத்தினேன். கேமராவை நேராப் பிடிங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. இந்தாங்க கை." கொனாடுவின் கன்னத்துக்குப் பக்கத்தில் தன் வலது உள்ளங்கையைப் பிடித்தாள். "என் கையை அளங்க. கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. ஊசி எங்க இருக்கு?"

"இடது பக்கம்."

"நடுவுக்குக் கொண்டு வாங்க. ஓட்டையைத் தொடாதீங்க, ஷட்டரைத் திருகுங்க. வந்துச்சா?"

"வந்துச்சு. எண்ணை எழுதிக்கவா?"

"எழுதினீங்கன்னா கொன்னுடுவேன். மூணு சொடுக்கு கூட்டுங்க. கூட்டியாச்சா? இனி எதையும் தொடாதீங்க. பின்னால போய் எடுங்க."

கையை எடுக்கப் போனாள். முடியவில்லை. நீட்டிய கையைச் சும்மா விட்டுப் பழக்கமில்லாத கொனாடு அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தபடியே தம்பியைப் பார்த்து, "எடுடா, கார் நிக்குது" என்றாள். அவர் எடுத்தார். மூன்று தடவை எடுத்தார்.

திரையை நிழல் கட்டிக் காட்டினார். கொனாடு வெகுநேரம் பார்த்தாள். கறுப்பு, நல்ல கறுப்பு. நெற்றிச் சுருக்கங்கள், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, மூக்கோரத்தில் மச்சம். ஒன்றும் வெளுக்கவில்லை, ஒன்றும் ஒளியவில்லை. அவள் விரல் தன்னை அறியாமல் முகத்தில் இருந்த மச்சத்துக்குப் போயிற்று.

"தோள்ல துணி எங்க போச்சு?" என்றாள் பிறகு. பந்தல் இடுக்கில் வெயில் விழுந்த இடத்தில் லேஸ் வெறும் வெள்ளையாகியிருந்தது. "எவ்வளவு வேலைப்பாடு தெரியுமா?"

பிராகோவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "அம்மா, ஒண்ணு துணி வரும், இல்ல நீங்க வருவீங்க. எது வேணும்?"

கொனாடு யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். "சரி, நானே இருக்கேன்" என்றாள். அப்புறம் திரையின் ஓரத்தைத் தொட்டாள். "இது யாரு கை?"

"என்னுது. நீங்க விடலை. ஓரமா வெட்டிடலாம்."

"வெட்டாதே."

"போஸ்டர்ல ஒரு கை எதுக்கும்மா?"

"இருக்கட்டும். யாரோ எனக்குக் கை கொடுக்க வந்திருக்காங்கன்னு தெரியட்டும்." தம்பியைப் பார்த்தாள். "போஸ்டர்க்காரன் இதுல கை வச்சான்னா, நீதான் பொறுப்பு. கேட்டுக்கோ."

கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அவளைக் காரில் ஏற்றினார்கள். கார் போகும்வரை சார்போங் கையாட்டினார். வலது கையைத்தான் ஆட்டினார். பிராகோ செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

நிமிர்ந்தபோது பந்தலில் மீதிக் குடும்பம் படத்துக்காக இரண்டு வரிசையில் உட்கார்ந்துகொண்டிருந்தது. இருபது பேருக்குக் குறையாது. எல்லோரும் வெள்ளை. சார்போங் உற்சாகமாக அவர்கள் முன்னால் போய் நின்றார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். கட்டைவிரல் கேமராவின் தலைக்குப் போயிற்று. 'எம்'மிலிருந்து சொடுக்குச் சொடுக்காகத் திருகி, பச்சைச் சதுரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

பிராகோ கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டர் இல்லை. பையை நாற்காலியில் எறிந்துவிட்டு, விடுவிடுவென்று நடந்து, முன் வரிசையில் முதலாவதாக இருந்த பெரியவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் வலது உள்ளங்கையை நீட்டினாள். அவர் கை கொடுக்க எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். வரிசை முழுதும் எழுந்து நின்றது.